சுகமில்லாத நாளுக்குப் பேர் உண்டா?



சம்பள நாள் முடிந்த கையோடு எமது அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளில் ஒன்று இது: "ஐயா, காய்ச்சல்ல நாலு நாள் படுத்துட்டேன். தோட்ட ஆஸ்பத்திரித் துண்டும் இருக்கு. ஆனா செக்ரோல்ல பேரு போடல. இது சரியா?"

கேள்வி சின்னது. பதிலுக்குள்ளே பல சட்டங்கள் இருக்கின்றன. எந்த நோய்க்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை, கிடைக்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று இந்த இதழில் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். பெரியவர்கள் வாசிக்கச் சிரமப்பட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் நேர் பதில்

நாட்சம்பளத்துக்கு வேலை செய்கிற தோட்டத் தொழிலாளிக்கு, சாதாரண காய்ச்சல், வயிற்றோட்டம், முதுகு வலி போன்றவற்றுக்காகச் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று சொல்லும் பொதுச் சட்டம் இலங்கையில் இல்லை. மருந்து இலவசம். ஆஸ்பத்திரிக் கட்டில் இலவசம். ஆனால் படுத்த நாளுக்குப் பேர் இல்லை.

அதே லயத்தில் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை இருந்தால், காய்ச்சல் வந்தால் அவருக்கு லீவும் உண்டு, மாதச் சம்பளமும் உண்டு. பக்கத்துக் காம்பராவில் கொழுந்து எடுக்கிற அவருடைய அம்மாவுக்கு அதே காய்ச்சல் வந்தால் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே வீட்டுக் காய்ச்சல்தான்.

போகாத நாளின் சம்பளத்தோடு நட்டம் நிற்பதும் இல்லை. 2016 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, வரவுக் கொடுப்பனவு 60 ரூபா என்று இருந்தது. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் போகாதவருக்கு அந்த 60 ரூபா கிடையாது. ஒரு கிழமை படுத்தவர், மாதத்தில் வேலை செய்த மற்ற நாட்களுக்கான 60 ரூபாவையும் சேர்த்தே இழந்தார். 2019 ஒப்பந்தத்தில் அந்தக் கொடுப்பனவு எடுக்கப்பட்டது. பிறகு 2026 வரவு செலவுத் திட்டத்தில், நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக்கி, அதற்கு மேல் வரவு ஊக்கமாக அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா கொடுப்பதாக முன்மொழிவு வந்தது. வேலைக்குப் போகும் நாளுக்கு ஊக்கம் கிடைப்பது நல்லதுதான். சுகமில்லாமல் போகாத நாளின் நட்டம் அதனால் இன்னும் பெரிதாகிறது என்பதையும் நாம் கணக்கில் வைக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆனது?

வெள்ளைக்காரத் தொரைமார் காலத்தில், 1912 ஆம் ஆண்டில், இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. ஒன்று தோட்டங்களின் வைத்தியத் தேவைகள் பற்றியது. மற்றது தொழிலாளரின் நோய்கள் பற்றியது. மருந்துக்கு ஏற்பாடு செய்வதும், லயத்தைச் சுத்தமாக வைப்பதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் தோட்டத்தின் பொறுப்பு என்று அவை வைத்தன. எமது தோட்டங்களில் டிஸ்பென்சரி இருப்பதற்கு வேர் அங்கேதான். ஆனால் நோயாளியின் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று அந்தச் சட்டங்கள் பார்க்கவில்லை. தொழிலாளி எழும்பி மலைக்குப் போக வேண்டும் என்பதே நோக்கம்.

வேறு நாடுகளில் வேறு வழி பிடித்தார்கள். ஜெர்மனியில் 1883 ஆம் ஆண்டிலேயே தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதிச் சட்டம் வந்தது. தொழிலாளியும் முதலாளியும் மாதா மாதம் ஒரு நிதியில் பணம் கட்டுவார்கள். இன்றைக்கு அங்கே ஒருவர் நோயில் படுத்தால் முதல் 6 வாரத்துக்கு முதலாளி முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதன் பிறகு அந்த நிதியிலிருந்து சம்பளத்தில் ஏறக்குறைய 70 வீதம் கிடைக்கும். ஒரே நோய்க்கு, மூன்று வருடத்துக்குள் மொத்தம் 78 வாரம் வரை இது போகும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். இந்தியாவில் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலைத் தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. என்ற காப்புறுதி வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 75 சதம் கழிப்பார்கள், முதலாளி 3 ரூபா 25 சதம் கட்டுவார். டொக்டர் சான்றிதழ் கொடுத்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 வீதம் கிடைக்கும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிய எமது சொந்தக்காரர் பலர் நீலகிரித் தோட்டங்களிலும் நூல் ஆலைகளிலும் சேர்ந்தார்கள். தோட்டங்களுக்கு அங்கே 1951 இல் தனிச் சட்டம் போட்டு, சான்றிதழ் உள்ள நோயாளிக்குத் தோட்ட நிர்வாகமே நோய்ப்படி கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். இங்கே இருந்த அண்ணனுக்கு இல்லாத நோய்ப்படி, அங்கே போன தம்பிக்குச் சட்டத்தில் இருந்தது.

இலங்கையில் அப்படி ஒரு காப்புறுதி நிதி இல்லை. ஆனால் "நமக்கு ஒண்ணுமே இல்லை" என்று எழும்பிப் போய்விடாதீர்கள். குறிப்பிட்ட சில நேரங்களுக்குச் சட்டம் பணம் வைத்திருக்கிறது. அதைத்தான் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

1. வேலையில் அடிபட்டால்

1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இதற்கு உரியது. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக, விபத்தில் காயப்பட்டால் தோட்ட நிர்வாகம் நட்டஈடு கொடுக்க வேண்டும். மலையில் சறுக்கி விழுந்து கால் முறிவது, கவ்வாத்துக் கத்தி வெட்டுவது, பெக்டரி மெஷினில் கை மாட்டுவது எல்லாம் இதில் அடங்கும். கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் கேட்கலாம். "குளவி கொட்டினதுக்குத் தோட்டம் என்னம்மா செய்யும்?" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். குளவி கொட்டியது வேலைத்தளத்தில், வேலை நேரத்தில் என்றால் அது வேலை விபத்துதான் என்று கோர வழி உண்டு.

ஓரிரு நாளில் ஆறிப்போகிற சிறு காயத்துக்கு இந்தச் சட்டம் உதவாது. சில காலம் வேலை செய்ய முடியாமல் போனால் மாதத்தில் இரண்டு தடவையாகப் பணம் கொடுக்க வேண்டும். கையோ காலோ கண்ணோ நிரந்தரமாகக் கெட்டுப் போனால் மொத்தமாக ஒரு தொகை. உயிர் போனால் அவரை நம்பியிருந்த குடும்பத்துக்குத் தொகை. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு உச்சத் தொகை 20 லட்சம் ரூபாவானது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் அதே திருத்தத்தில்தான் சேர்ந்தது. பெரட்டுக்குப் போகிற குறுக்குப் பாதையில் விழுந்தவர்கள் இதை முக்கியமாக ஞாபகத்தில் வையுங்கள்.

உயிரிழப்பு என்றால் நட்டஈட்டுப் பணத்தை வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் கட்ட வேண்டும். அவர்தான் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்பார். மரண வீட்டுச் செலவுக்கென்று கையில் கொடுக்கிற பணத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் நீட்டுகிற எந்தக் கடதாசியிலும் வாசிக்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். குடிபோதையில் இருந்தார் என்று காட்டினால் காயத்துக்கான நட்டஈட்டை மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வேலை நாளில் அது வேண்டாம்.

2. பிள்ளைப்பேறு

பிரசவம் நோய் இல்லை. ஆனால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்குத் தோட்டத் தொழிலாளிக்குச் சட்டம் சம்பளம் வைத்திருப்பதில் இதுதான் பெரியது. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இதற்குரியது.

உயிரோடு பிள்ளை பிறந்தால் 12 வாரம், அதாவது 84 நாள். முன்பு மூன்றாவது பிள்ளைக்கு 6 வாரம் என்று குறைத்திருந்தார்கள். 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 வாரம்தான். பிள்ளை உயிரோடு பிறக்காவிட்டால் 6 வாரம். பிள்ளையை இழந்த தாய் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று நினைத்து இரண்டாம் வாரத்திலேயே கூடையைத் தூக்குவதைக் காண்கிறோம். அது தேவையில்லை. பிரசவத்துக்குப் பிறகு 4 வாரத்துக்கு ஒரு தாயை வேலைக்கு எடுப்பதையே சட்டம் தடுக்கிறது.

பணம் எவ்வளவு? சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கு. பேர்க் கணக்கில் சொன்னால் 84 நாளுக்கு 72 பேர். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பெருக்கினால் 97,200 ரூபா. சம்பளம் கூடினால் இதுவும் கூடும்.

மாற்று நன்மை என்று ஒன்றும் அந்தச் சட்டத்தில் எழுதப்பட்டது. தோட்டம் அங்கீகாரம் பெற்ற பிரசவ விடுதியும் கவனிப்பும் கொடுத்தால், பணம் ஏழில் நான்கு பங்காகும். அது 48 பேர். 1,350 ரூபாப்படி 64,800 ரூபா. இரண்டுக்கும் இடையில் 32,400 ரூபா வித்தியாசம். இன்றைக்கு எமது தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் பிள்ளை பெறுவது டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் மற்ற இடங்களிலும் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிகளில்தான். ஆகவே உங்கள் தோட்டத்தில் எந்தக் கணக்கில் கொடுக்கிறார்கள், ஏன் என்று ஒபிசில் மரியாதையாகக் கேளுங்கள். விளங்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் கேளுங்கள்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. அறிவித்தல் கொடுக்கும் நாளுக்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாளாவது அந்தத் தோட்டத்தில் வேலை செய்திருக்க வேண்டும். இங்கேதான் கைக்காசு வேலை குறுக்கே வருகிறது. கைக்காசுக்குக் கொழுந்து எடுத்த நாள் செக்ரோலில் ஏறாவிட்டால், 150 நாளைக் காட்டும்போது உங்கள் கையில் எழுத்து இருக்காது. சேமலாப நிதியிலும் அந்த நாள் ஏறாது. கையில் வரும் காசைப் பார்க்கிற அதே நேரம் இதையும் யோசியுங்கள்.

கர்ப்பத்தையோ பிரசவத்தையோ, அதனால் வந்த நோயையோ காரணமாகச் சொல்லி வேலையை விட்டு நிறுத்த முடியாது.

3. பெரிய நோய் வந்தால்

இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று வந்தால் நாட்சம்பளத்தை மட்டும் நினைத்துத் தலையில் கை வைத்து உட்கார வேண்டாம். நான்கு கதவுகளைத் தட்டலாம்.

முதலாவது, ஊழியர் சேமலாப நிதி. நீங்கள் 8 வீதம், தோட்டம் 12 வீதம் கட்டும் பணம் இது. 10 வருடத்துக்குக் குறையாமல் சேவை செய்து, கணக்கில் 3 லட்சம் ரூபாவாவது இருந்தால், வீட்டுக்கோ வைத்தியச் செலவுக்கோ 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். இதற்கு 2012 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்தது. இனி ஒருபோதும் வேலை செய்ய முடியாது என்று வைத்தியர் உறுதி செய்தால் வயதுக்கு முன்பே முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆனால் 30 வீதத்தை எடுத்தால் வயதான காலத்துக்கு அவ்வளவு குறையும். வேறு வழி இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, ஊழியர் நம்பிக்கை நிதியம். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம். இதில் 3 வீதத்தையும் தோட்டமே கட்டுகிறது. உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்க முடியாது. பலர் இதை வேலையை விட்ட பிறகு எடுக்கும் காசு என்று மட்டும் நினைக்கிறார்கள். சேவையில் இருக்கும்போதே இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்ணுக்கு வில்லை வைத்தல், நிரந்தர இயலாமை ஆகியவற்றுக்கு இதில் உதவி உண்டு. விண்ணப்பிக்கக் காலக்கெடு உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் பில், சான்றிதழ் எல்லாவற்றோடும் போய்க் கேளுங்கள்.

மூன்றாவது, ஜனாதிபதி நிதியம். பெரிய சத்திரசிகிச்சைகளுக்கும் செலவு கூடிய சிகிச்சைகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுகிறது. முன்பு இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

நான்காவதும் அதே பிரதேச செயலகம்தான். அங்கே சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். சிறுநீரக நோயாளருக்கும், உடல் ஊனமுற்றவருக்கும், முதியோருக்கும் அரசாங்கக் கொடுப்பனவுகள் இருக்கின்றன. கசம், புற்றுநோய் உள்ளவர்களும் நோய் உதவிப் பணம் பற்றி அவரிடம் விசாரிக்க வேண்டும்.

4. பல மாதம் படுத்துவிட்டால்

"மூணு மாசம் போகல, பேரை வெட்டிட்டாங்க" என்ற முறைப்பாடும் வருகிறது. சொல்லாமல் வராமல் இருந்தால், வேலையைத் தானாகவே விட்டுவிட்டார் என்று நிர்வாகம் எழுதிக்கொள்ள இடம் கொடுக்கிறோம். ஆகவே படுத்த முதல் நாட்களிலேயே துண்டோடு ஒருவரை அனுப்புங்கள். நீண்ட நாளாகும் என்று டொக்டர் சொன்னால் ஒரு கடிதம் எழுதி, சான்றிதழின் பிரதியோடு பதிவுத் தபாலில் தோட்டத்துக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். துண்டு அன்றைய பேரை வாங்கித் தராவிட்டாலும் வேலையைக் காப்பாற்றும்.

இனி வேலை செய்யவே முடியாது என்று விலகினாலும் சேவைக்காலப் பணம் உண்டு. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். விலகியதற்கு நோய் காரணம் என்று சொல்லி இதைக் குறைக்க முடியாது.

5. வெளியே வேலை செய்யும் பிள்ளைகள்

கொழும்பிலும் கண்டியிலும் ஹட்டன் டவுனிலும் கடைகளில் நிற்கும் எமது பிள்ளைகளுக்கு வேறு சட்டம். 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, இரண்டாம் வருடத்திலிருந்து சம்பளத்தோடு 7 நாள் அமைய லீவு உண்டு. சுகமில்லாத நாளுக்கும் அதை எடுக்கலாம். முதல் வருடத்தில் இரண்டு மாதம் முடிந்தால் ஒரு நாள். இது தவிர வருடாந்த லீவு 14 நாள். "மகன், முதலாளி காய்ச்சலுக்குச் சம்பளம் வெட்டினாராமே" என்றால் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் எழுத்து வேண்டும்

மேலே சொன்ன எந்தப் பணமும் வாய்ப் பேச்சுக்கு வராது. ஆகவே:

– சுகமில்லாமல் போன அன்றே துண்டு எடுங்கள். திகதியும் டொக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

– வேலையில் அடிபட்டால் அன்றே கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் சொல்லி, ஒபிசில் பதியச் செய்யுங்கள். பக்கத்து நிரையில் நின்ற இரண்டு பேரின் பெயரைக் குறித்து வையுங்கள்.

– ஆஸ்பத்திரியில் "எப்படிக் காயம்?" என்று கேட்டால் வேலைத்தளத்தில் என்று தெளிவாகச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தேன்" என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

– சம்பளத் துண்டுகளை எறியாதீர்கள். 150 நாளையும் 5 வருடத்தையும் 10 வருடத்தையும் காட்டுவது அவைதான்.

– பெயரைச் சரிபாருங்கள். செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் இராமாயி, பிறப்புச் சான்றிதழில் ராமாய் என்று இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். நோய் வருவதற்கு முன்பே திருத்துங்கள்.

– தோட்டம் மறுத்தால் முதலில் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஹட்டன் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். சங்கத்தில் இல்லாதவரும் முறையிடலாம்.

இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை

சாதாரண காய்ச்சலுக்குச் சம்பளம் இன்னும் இல்லை. அதனால்தான் காய்ச்சலோடு மழையில் கொழுந்து எடுக்கப் போகிறார்கள். மூன்று நாளில் ஆற வேண்டியது மூன்று வாரமாகிறது. சில வீடுகளில் ஒரு நாள் பேருக்காக மறைத்து வைத்த இருமல், கசமாகிப் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடுகிறது. சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் நாட்சம்பளம் எத்தனை ரூபா என்பதைப் பற்றியே பேசுகிறோம். வருடத்தில் சில நாட்களுக்காவது, டொக்டர் துண்டு உள்ள நோய் நாளுக்குப் பேர் வேண்டும் என்பதையும் அடுத்த முறை உங்கள் தலைவர்மாரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். சம்பளச் சபையிலும் பேச்சு மேசையிலும் வைக்கக்கூடிய கோரிக்கைதான் இது. கடையில் நிற்கும் எமது பிள்ளைக்கு 1954 இலேயே கிடைத்ததை மலையில் நிற்கும் தாய்க்கும் கேட்கிறோம்.

அது வரும்வரை, இருப்பதை விடாமல் வாங்குவோம். துண்டுகளைப் போட்டு வைக்க இன்றைக்கே ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து ஒதுக்குங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.